கல்லூரி உதவித்தொகை, கல்விக்கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் உதவித்தொகை பற்றித்தான். பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் கேட்பார்கள், சில நேரம் விண்ணப்பம் போட்டுத் தரும் கணினி மையத்துக்காரர்களே கேட்பார்கள். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போன பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பெயரில் ஓர் எழுத்து, முடங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்கு, கல்லூரியில் யாரும் திறந்து பார்க்காத விண்ணப்பம் என்று காரணம் சின்னதாக இருக்கும். அப்படிப்பட்ட கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஸ்காலர்ஷிப், கட்டணச் சலுகை, கடன் எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்லை, மூன்றும் வேறு வேறு. உதவித்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் பணம். திருப்பித் தர வேண்டியதில்லை. கட்டணச் சலுகை உங்கள் கைக்கு வராது. கல்லூரிக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை குறையும், அந்தத் தொகையை அரசு கல்லூரிக்குக் கொடுக்கும். குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை இந்த வகை. கடன் வங்கியில் வாங்குவது, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

இந்த வரிசையிலேயே தேடுங்கள். முதலில் சலுகை, அடுத்து உதவித்தொகை, அப்புறமும் பணம் போதவில்லை என்றால் மட்டும் கடன்.

எனக்கு என்னென்ன கிடைக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சில விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை எந்தப் பள்ளியில், எந்த மொழி வழியில் படித்தீர்கள்? உங்கள் சாதிச் சான்றில் எந்தப் பிரிவு? குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு? வீட்டில் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா? கல்லூரியில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தீர்களா, நிர்வாக ஒதுக்கீட்டிலா? அப்பா, அம்மா என்ன வேலை செய்கிறார்கள், ஏதாவது நல வாரியத்தில் உறுப்பினரா? மாற்றுத்திறனாளியா, முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளையா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய எல்லாத் திட்டமும் இந்தக் கேள்விகளில் ஒன்றையோ இரண்டையோதான் கேட்கிறது. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல்ல என்ன சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைக்கணும்?

வருமானச் சான்று, சாதிச் சான்று, தகுதி இருந்தால் முதல் பட்டதாரி சான்று. மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகும். சேர்க்கைக் காலத்தில் இந்த மூன்று மேசைகளிலும் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும். வருமானச் சான்று அப்படி இல்லை, ஓராண்டுக்குத்தான் செல்லும் என்று வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

வருமானச் சான்றுல எவ்வளவு போடச் சொல்றது?

உள்ளதைச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத்தான் தொகையை எழுதுவார். கூலி வேலை, சிறு விவசாயம் என்றால் ஆண்டு வருமானம் இயல்பாகவே வரம்புக்குள்தான் இருக்கும். குறைத்துக் காட்டத் தேவையே இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள்.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. உதவித்தொகைக்கு ஒரு சான்று, வங்கிக் கடனுக்கு வேறு தொகையோடு இன்னொரு சான்று என்று சிலர் எடுக்கிறார்கள். இரண்டும் ஆன்லைனில் பதிவாகி இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டுமே நின்றுவிடும். ஓர் ஆண்டுக்கு ஒரே சான்று, எல்லா இடத்திலும் அதே எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எமிஸ் நம்பர், யுமிஸ் நம்பர், ஓடிஆர்னு கேக்குறாங்க. இத்தனை நம்பர் எதுக்கு?

எமிஸ் என்பது பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எண். நீங்கள் எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்பதை அரசு அதை வைத்துத்தான் பார்க்கிறது. யுமிஸ் அதேபோல் கல்லூரி மாணவருக்கான தமிழக அரசின் எண். உங்கள் கல்லூரி பதிவு செய்தால் உருவாகும். மாநில அரசின் உதவித்தொகை விண்ணப்பங்கள் இப்போது யுமிஸ் தளம் வழியாகவே போகின்றன. ஓடிஆர் மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளமான என்எஸ்பியில் ஒரே ஒரு முறை செய்யும் பதிவு. ஆதாரும் முகச் சரிபார்ப்பும் கேட்கும், படிப்பு முடியும்வரை அதே எண்தான்.

எமிஸ் எண் தெரியாவிட்டால் படித்த பள்ளியில் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால் இன்னோர் அலைச்சல் மிச்சம்.

அரசுப் பள்ளியில படிச்சா மாசம் ஆயிரம் ரூபாய் எல்லாருக்கும் வருமா?

மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. இரண்டிலும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு இல்லை. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்குக் கிடையாது.

நடுவில் ஓராண்டு தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்திருந்தால் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதற்கு விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வெளியே எந்தக் கடையிலும் காசு கொடுத்துப் பதிவு செய்ய வேண்டாம்.

அந்த ஆயிரம் வாங்கினா மத்த ஸ்காலர்ஷிப் கட் ஆயிடுமா?

மாநில அரசைப் பொறுத்தவரை ஆகாது. சாதி அடிப்படையிலான உதவித்தொகை, முதல் பட்டதாரி சலுகை இவற்றோடு சேர்த்தே ஆயிரம் ரூபாயையும் பெறலாம்.

மத்திய அரசின் திட்டங்களில் கவனம் வேண்டும். என்எஸ்பியில் உள்ள பல திட்டங்கள், வேறு எந்த உதவித்தொகையும் வாங்கவில்லை என்று உறுதிமொழி கேட்கின்றன. அதைப் படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. எதில் மொத்தத் தொகை கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டு, கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரிடம் கேட்ட பிறகு தேர்ந்தெடுங்கள்.

நாங்க எம்பிசி. கவர்மென்ட் காலேஜ்ல பி.ஏ. சேர்ந்திருக்கேன். வருமானம் கொஞ்சம் கூட, அப்ளை பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணவும் வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமானம் உட்பட எந்த நிபந்தனையும் இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால்தான் பெற்றோர் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வரும்னு சொன்னேன். காலேஜ்ல "முதல்ல ஃபீஸ் கட்டு, வந்ததும் எடுத்துக்கோ"ன்னு சொல்றாங்க. கட்டணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. கட்ட வழியில்லாதவர்களுக்காகத்தான் அந்தத் திட்டமே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கானது. வருமான வரம்பு 2,50,000 ரூபாய். கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளையும் தமிழக அரசு சேர்த்துக்கொள்கிறது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்காக 2021-ல் மத்திய அரசு திருத்திய வழிகாட்டுதலில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடே இருக்கிறது. அதைக் காட்டினால் முன்பணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், உதவித்தொகை வந்த பிறகு கட்டணத்தைச் செலுத்தலாம்.

கல்லூரி முதல்வருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரைப் பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால், அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருப்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். கட்டணத்துக்கான பணமும் இப்போது உங்கள் கணக்குக்கே வருகிறது. அது கல்லூரிக்குச் சேர வேண்டிய பணம். வீட்டில் எத்தனை அவசரம் இருந்தாலும் அதில் கை வைத்தால் அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அண்ணன் டிகிரியைப் பாதியில விட்டுட்டான். நான் முதல் பட்டதாரியா?

அண்ணன் கல்லூரியில் சேர்ந்தபோது இதே சலுகையை வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். அவர் சலுகை வாங்கவில்லை, பட்டமும் முடிக்கவில்லை என்றால் அதை உறுதிமொழியில் அப்படியே எழுதி விண்ணப்பியுங்கள், வட்டாட்சியர் அலுவலகம் முடிவு செய்யும். மறைக்க வேண்டாம்.

இந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கானது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்துவிட்டார்கள்.

ஆதார்ல இனிஷியல் பின்னாடி, மார்க் ஷீட்ல முன்னாடி. இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே வரும் பிரச்சினையும்கூட. பள்ளிச் சான்றில் "மு. கவிதா", ஆதாரில் "கவிதா மு", வங்கியில் "கவிதா முருகேசன்" என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பாள். ஆட்கள் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடுவது, குறைவது, புள்ளிக்குப் பதில் இடைவெளி விடுவது எல்லாம் இதில் சேரும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துவது எளிது. முதலில் ஆதார், பிறகு வங்கி என்ற வரிசையில் போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே சேவை மையத்தில் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தையும் நீங்களே படித்துப் பார்த்த பிறகு ஒப்புதல் சொல்லுங்கள். பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

பேங்க்ல ஆதார் லிங்க் பண்ணியாச்சு. ஆனாலும் பணம் வரலையே சார்?

நான் மிக அதிகம் கேட்கும் கேள்வி இது. வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கணக்கைத் தொடங்குவது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்து, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. வங்கிகளில் இரண்டாவதை ஆதார் சீடிங் என்பார்கள். முதலாவது மட்டும் நடந்திருந்தால் பாஸ்புக்கில் ஆதார் எண் இருக்கும், பணம் மட்டும் வராது.

ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் இருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதியிருந்தாலும் சரி. சிம் கார்டு வாங்கிய கடையில் கைரேகை வைத்தபோது திறந்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குக்கு உதவித்தொகை போய்ச் சேர்ந்து, அது தெரியாமலே மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மைஆதார் தளத்தில் உங்கள் ஓடிபி போட்டு உள்ளே போனால் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி, செயல்பாட்டில் இருக்கிறதா என்பது தெரியும். விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை, பணம் வரும் காலத்தில் ஒருமுறை பாருங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கணக்கையே பாருங்கள். ஆறாம் வகுப்பில் பள்ளி சொல்லித் தொடங்கிய மைனர் கணக்கு, 18 வயது ஆனதும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்து மாற்றப்பட வேண்டும். பலர் செய்வதில்லை. முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவும் முடியாது. பெரிய தொகை வந்தால் திரும்பிவிடும். ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் முழுக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போட்டாச்சு. மாசக் கணக்கா கல்லூரி அளவிலேயே நிலுவையில இருக்குன்னு காட்டுது.

உங்கள் விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பாளர் இன்னும் திறந்து ஒப்புதல் தரவில்லை என்று பொருள். கல்லூரி ஒப்புதல் தந்தால்தான் மாவட்ட, மாநில அளவில் அடுத்த சரிபார்ப்புக்குப் போகும். கல்லூரிக்கான கடைசித் தேதி உங்களுடைய கடைசித் தேதிக்குப் பின்னால் வரும். அதுவும் தாண்டிவிட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

விண்ணப்பத்தின் அச்சுப்படியோடு நேரில் போங்கள். தனியாகப் போவதைவிட வகுப்பில் நிலுவையில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து போனால் வேலை நடக்கும். திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் காரணம் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் திருத்தி உடனே மறுபடி அனுப்புங்கள்.

பிளஸ் டூவில நல்ல மார்க். மார்க்குக்குன்னு ஏதாவது இருக்கா?

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை இருக்கிறது. உங்கள் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இளங்கலையின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள், அதில் பாதி பெண்களுக்கு. டிப்ளமோவுக்கும் அஞ்சல் வழிக்கும் கிடையாது.

தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ அங்கீகரித்த கல்லூரியில் தொழில்நுட்பப் பட்டமோ டிப்ளமோவோ சேர்ந்த மாணவி என்றால் பிரகதி திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்று அதே தொகைக்கு வேறு இரண்டு திட்டங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் என்எஸ்பி தளம்தான். வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று மேலே சொன்ன நிபந்தனையை மறக்காதீர்கள்.

அப்பா கொத்தனார், அம்மா தையல் வேலை. அவங்களுக்குன்னு ஏதாவது வழியில வருமா?

வரும். அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், சலவைத் தொழிலாளர் என்று தனித்தனி நல வாரியங்கள் உள்ளன. பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி என்எஸ்பி வழியாக வருகிறது.

வீட்டில் வாரிய அட்டை இருக்கிறதா, பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கல்விக்கடன் வாங்கணும்னா வீட்டுப் பத்திரம் கேப்பாங்களா?

பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோர் இணைக்கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். ஜாமீன், சொத்து, முன்பணம் எதுவும் தேவையில்லை. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் அதற்கும் சொத்து ஈடு கேட்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமலே கடன் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கல்விக் கட்டணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் கடனில் சேரும். ஆனால் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். முதல் பட்டதாரி சலுகையும் உதவித்தொகையும் கழிந்து எவ்வளவு துண்டு விழுகிறதோ அதற்கு மட்டும் கேளுங்கள்.

பேங்க் மேனேஜர் "உங்க ஊர் எங்க ஏரியாவுல வராது"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

அப்படி அனுப்பக் கூடாது. வீடு கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக்கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது. வாய்மொழியாக மறுக்கும்போதுதான் இப்படியான காரணங்கள் வரும். அதனால் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். 2015-ல் தொடங்கிய வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்தால் விண்ணப்பத்துக்கு எண் இருக்கும், மறுத்தாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

சரியான காரணம் இல்லை என்று தோன்றினால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். ஆட்சியர்கள் நடத்தும் கல்விக்கடன் முகாம்களும் நல்ல இடம். எல்லா வங்கி அதிகாரிகளும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் அனுப்பலாம்.

சிபில் ஸ்கோர் சரியில்லன்னா கடனே கிடைக்காதா?

கடினம், ஆனால் கதவு மூடிவிடவில்லை. பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காட்டி மாணவரின் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கில் சொன்னது. படித்து முடித்த பிறகு திருப்பிக் கட்டும் திறனைப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டு வங்கிக் கிளையை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டாயப்படுத்தாது என்றாலும் மனுவில் குறிப்பிடலாம்.

நடைமுறையில் பலனளிப்பது வேறு. அப்பாவின் பழைய நகைக்கடனோ வண்டிக் கடனோ பாக்கி இருந்தால் முடித்து, முடித்ததற்கான கடிதம் வாங்குங்கள். இல்லையென்றால் அம்மாவை இணைக்கடனாளியாகப் போடக் கேளுங்கள்.

படிக்கும்போதே வட்டி ஓடுமா?

ஓடும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் நீங்கள் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்து, தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கும். பிஎம் வித்யாலட்சுமியில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் புதிய மாணவர்கள் என்று வரம்பு இருக்கிறது.

மானியம் தானாக வராது. கடன் எடுக்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, வட்டி மானியத்துக்கு விண்ணப்பம் போட்டார்களா என்று கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள். இதைக் கேட்காமல் விட்டவர்கள் படிப்பு முடியும்போது கடன் கணக்கைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் முடிந்தால் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். தவணை தொடங்கும்போது சுமை நன்றாகக் குறையும்.

எப்படியும் கல்விக்கடனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்களாமே?

அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள். கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மட்டுமல்ல, கையெழுத்திட்ட அப்பா அம்மாவின் சிபிலும் கெடும். தம்பி, தங்கைக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தொடங்கும் முன்பே வங்கிக்கு எழுதி நீட்டிப்புக் கேளுங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்துட்டேன். இனி எதுவுமே கிடையாதா?

முதல் பட்டதாரி சலுகை கிடையாது. ஆதிதிராவிடர் உதவித்தொகையில் கட்டணத் தொகையும் கிடையாது. வட்டி மானியத் திட்டங்களும் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத்தான். வங்கி தன் விருப்பப்படி கடன் தரலாம், நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்குப் பள்ளிப் படிப்புதான் அளவுகோல் என்பதால் அதைக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சேரவில்லை என்றால் நான் சொல்வது ஒன்றுதான். ஏஜென்ட் பேச்சை நம்பிக் கவுன்சிலிங்கைத் தவிர்க்காதீர்கள். அதே கல்லூரியில் அதே படிப்பு கவுன்சிலிங் வழியாகக் கிடைத்தால் இத்தனை உதவிகளும் கூடவே வரும்.

அரியர் விழுந்தா ஸ்காலர்ஷிப் நின்னுடுமா?

திட்டத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன மத்தியத் துறை உதவித்தொகையைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். மற்றவற்றிலும் அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி பெற்றுப் போனீர்களா என்பதைப் பார்ப்பார்கள். அரியரைவிட வருகைக் குறைவால் இழந்தவர்களே நான் பார்த்தவரை அதிகம். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் வருகைக் கணக்கை மாதம் ஒருமுறை பாருங்கள்.

புதுப்பித்தலும் விண்ணப்பம்தான், தானாக நடக்காது. முதலாண்டு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு விண்ணப்பிக்க மறந்து இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

"ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வருது. உண்மையா?

பொய். எந்த அரசுத் துறையும் போனில் ஓடிபி கேட்காது, முன்பணம் கட்டச் சொல்லாது, வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்பாது. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

அப்பா எங்களை விட்டுட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. எங்க போனாலும் அப்பா கையெழுத்து கேக்குறாங்க. என்ன பண்றது?

வருமானச் சான்றை அம்மாவின் பெயரில், அம்மாவின் வருமானத்தை வைத்து விண்ணப்பியுங்கள். கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றும் இ-சேவையில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது அக்கம்பக்கத்தில் ஒருவரோ இருவரோ உண்மையைச் சொல்ல முன்வந்தால் வேலை எளிதாகும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குடும்ப அட்டையில் அப்பா பெயர் இன்னும் இருந்தால் அதையும் விசாரணையின்போதே சொல்லிவிடுங்கள். அப்பா இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றும் விதவைச் சான்றும் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் போன்றவற்றில் ஆதரவற்றோருக்கும் விதவைத் தாயின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமையே உண்டு.

கல்விக்கடனில் இணைக்கடனாளியாகப் பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் இருந்தால் போதும். உங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது என்பதற்காக அவருடைய கையெழுத்து கட்டாயம் ஆகிவிடாது. "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று யாராவது சொன்னால் எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவும் கூடவே வந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்வார்கள்.